ஏழாவது கிலோமீட்டரில் ஒரு கப்பல்

துறைமுகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஒன்பதாவது மாடியில், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் ஒரு கப்பலைக் கண்டுபிடித்தேன். கப்பல் கண்டுபிடிக்கச் சொல்லி என்னை யாரும் அங்கே அனுப்பவில்லை. நான் போனது ஒரு ரிசீவரைப் பொருத்த. பொருத்திவிட்டுப் பேசாமல் இறங்கி வந்திருக்கலாம்.

ரிசீவர் வடிவமைப்பதுதான் என் தொழில். இருபத்திரண்டு வருஷமாக வேறெதுவும் தெரியாது. முன்பெல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி வேண்டும். கப்பல்காரர்கள் பேசுவதைக் கேட்க ஒன்று, கப்பல்கள் தங்கள் பெயரையும் இருப்பிடத்தையும் தாங்களே அறிவிக்கிற சிக்னலுக்கு ஒன்று, ரேடாருக்கு ஒன்று. எதையாவது மாற்றவேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து, பற்றவைத்ததைப் பெயர்த்து, வேறொன்றைப் பற்றவைக்கவேண்டும். எங்கள் புதுப் பெட்டியில் அந்தத் தொல்லை கிடையாது. அலை உள்ளே நுழைந்த கையோடு எண்களாக மாறிவிடும். அதற்குமேல் எல்லாம் மென்பொருள்தான். காலையில் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பெட்டி, நாலு வரியை மாற்றினால் மதியம் ரேடார் ரிசீவர். ஒரு தப்புச் செய்ய முன்பு எனக்கு மூன்று வாரம் பிடிக்கும். இந்தப் பெட்டி வந்தபிறகு மூன்று நொடி போதும். இதை விளம்பரத் தாளில் போடவில்லை.

என்னோடு வந்தவள் எங்கள் நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர். பெயரைச் சொன்னால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, ‘கமா’ என்றால்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், நான் எழுதிய நூற்றெழுபது பக்க ஆவணத்தில் ஒரே ஒரு கமா இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்து, அதைச் சபையில் வைத்துச் சொன்னவள். அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர். எனக்கும் ஒரு பெயர் உண்டு, ‘ஆன்டெனா’. காது பெரிது என்பதால் வந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எப்போதும் உயரத்திலேயே நிற்பதால் வந்தது என்று பிறகுதான் யாரோ சொன்னார்கள்.

கோபுரத்தில் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவை எல்லாரும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள், அவரைவிடப் பத்து வயது மூத்த, கோபுரத்துக்குப் பொறுப்பான கேப்டன் உட்பட. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. மேசையில் ஒரு நீளமான நோட்டு, அதில் தினமும் காற்று, வெயில், கடல், திரையில் தெரிந்தது எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிவைப்பார். கணினியில் எல்லாம் தானாகவே பதிவாகிறபோது இதெதற்கு என்று கேட்டேன். “எனக்குப் படிக்கறதுக்கு சார்” என்றார்.

பழைய ரேடார் நொடிக்கு ஆயிரம் முறை துடித்தது. ஒவ்வொரு துடிப்பையும் வெளியே அனுப்பிவிட்டு, அது எதன்மேலாவது பட்டுத் திரும்பி வரும்வரை காத்திருக்கும். எவ்வளவு நேரம் கழித்து வருகிறதோ அவ்வளவு தூரம். நான் பெட்டியைப் பொருத்தியதும் செய்த முதல் காரியம், அதன்வழியே அந்த ஆயிரத்தை இரண்டாயிரம் ஆக்கியது. படம் பளிச்சென்று ஆனது. சின்ன மிதவைகூடத் தனியாகத் தெரிந்தது. கேப்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

“ரெண்டு மடங்கு வேகமா கேட்டா, பதில் வர நேரம் இருக்குமா சார்?” என்று அக்கா கேட்டார்.

“நீங்க பாக்குற திரையே நாப்பது கிலோமீட்டர்தான். இதுல எழுபத்தஞ்சு கிலோமீட்டர் வரைக்கும் நேரம் இருக்கு. தாராளம்” என்றேன்.

“அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறது?”

“அதுக்கு அந்தப் பக்கம் பூமி உருண்டை மேடம். அலை நேராப் போகும், கடல் கீழே வளைஞ்சிடும். அங்கிருந்து எதுவும் வராது.”

பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் கையால் ஒரு உருண்டையும் வரைந்து காட்டினேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். “காத்தே இல்லாத நாள்ல இந்தத் திரைய நான் முழுசா நம்பறதில்ல சார்” என்று மட்டும் சொன்னார். அதற்கு நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

நாலாம் நாள் காலை, இலை அசையவில்லை. கடல் கண்ணாடிபோலக் கிடந்தது. ஒன்பது மணிக்குத் திரையில், துறைமுகத்துக்கு நுழைகிற கால்வாயின் வாயில், ஏழாவது கிலோமீட்டரில் ஒரு புள்ளி. நல்ல தடித்த புள்ளி. நூறு, நூற்றிருபது மீட்டர் நீளக் கப்பலுக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. அசையவில்லை. எந்தப் பெயரையும் அறிவிக்கவும் இல்லை.

கேப்டன் தொலைநோக்கியை எடுத்தார். வெயில் மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“பழைய மெஷின்ல இது வந்திருக்குமா?” என்று என்னைக் கேட்டார்.

ஒரு மனிதனின் வாழ்க்கையில் ‘தெரியவில்லை’ என்று சொல்லவேண்டிய தருணங்கள் சில வரும். “வந்திருக்காது சார்” என்றேன். “இது எங்க ரிசீவருக்கு மட்டும்தான் தெரியும்.” முழுக்க முழுக்க உண்மை அது. எந்த அர்த்தத்தில் உண்மை என்பதுதான் எனக்கு அப்போது தெரியாது.

துறைமுகத்தின் வழிகாட்டிப் படகை அனுப்பினார்கள். அதை ஓட்டுகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். கட்டையான ஆள், கோபுரத்தில் யாரையும் லேசில் மதிக்கமாட்டார். இருபது நிமிஷத்தில் அவருடைய படகின் சின்னப் புள்ளி போய்ப் பெரிய புள்ளியோடு ஒட்டியது. வயர்லெஸ் கரகரத்தது.

“டவர், நான் வந்துட்டேன். கப்பல் எங்க?”

“உங்களுக்கு நேர் எதிர்ல” என்றார் கேப்டன்.

“எதிர்ல தண்ணி இருக்கு.”

“இன்னும் ஐம்பது மீட்டர் முன்னால போங்க.”

வயர்லெஸ்ஸில் இன்ஜின் உறுமுவது கேட்டது. பிறகு, “சார், உங்க கணக்குப்படி நான் இப்ப கப்பலோட சமையல்கட்டுல நிக்கணும்” என்றார் மாஸ்டர்.

கமா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மட்டும் அசரவில்லை. தண்ணீருக்குமேல் கொஞ்சமாகத் தலை நீட்டிக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று, கவிழ்ந்த கலமோ உடைந்த மிதவை மேடையோ, படகிலிருக்கிறவர் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்று விளக்கினேன். ரேடார் அலை தண்ணீருக்குள் போகாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பேசப் பேச எனக்கே அது நியாயமாகப் பட்டது. எனக்கு எப்போதும் அதுதான் சிக்கல்.

பதினொரு மணிக்குக் காற்று எழும்பியதும் புள்ளி மறைந்தது. மறுநாள் காலை, அதே இடத்தில், மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த முறை கேப்டன் விளையாடவில்லை. கால்வாயை மூடினார். உள்ளே வரவிருந்த ஒரு சரக்குக் கப்பலை வெளியிலேயே நிறுத்தினார். முழுகுகிற ஆள் ஒருவரை மாஸ்டரின் படகில் அனுப்பினார். அவர் மூன்று முறை முழுகி, ஒரு லாரி டயரையும் பாதி நங்கூரத்தையும் கண்டதாகச் சொன்னார். நூற்றிருபது மீட்டருக்கு அது கொஞ்சம் குறைவு.

மதியம் என் சகலை போன் செய்தார். மனைவியின் அக்கா வீட்டுக்காரர், குளியலறைச் சாமான்கள் இறக்குமதி செய்கிறவர். இருபது வருஷமாக எங்களுக்குள் ஒரு மரியாதையான போட்டி உண்டு. அவர் வீடு கட்டினால் நான் மாடி எழுப்புவேன்.

“தம்பி, உங்க லைன்ல யாராச்சும் தெரியுமா? துறைமுகத்துல கப்பலை நிறுத்திட்டாங்க. நானூறு வாஷ்பேசின் கடல்ல நிக்குது. எவனோ ஒரு அரைவேக்காட்டு இன்ஜினியர் புது மெஷின் மாட்டி, இல்லாத கப்பலக் காட்டுறானாம்.”

“விசாரிக்கிறேன் அண்ணே” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அடுத்த நாளும் காற்றில்லை, புள்ளி இருந்தது. பக்கத்தில் ஏதோ ஒரு கப்பலின் ரேடாரும் எங்களுடையதும் ஒரே கணக்கில் துடிப்பதால் திரையில் கோடு கோடாக விழுகிறது என்று கமா சொன்னாள். “நம்ம வேகத்த ஒரு நூறு குறைச்சுப் பாக்கவா சார்?” என்றாள். குறை என்றேன். அவள் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். இரண்டாயிரம், ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆனது.

கோடுகள் போய்விட்டன. மிதவைகள் இருந்த இடத்தில் இருந்தன. மாஸ்டரின் படகு இருந்த இடத்தில் இருந்தது. ஏழாவது கிலோமீட்டரில் மூன்று நாளாக நங்கூரம் போட்டிருந்த கப்பல் மட்டும், கண்ணிமைக்கும் நேரத்தில், மூன்றாவது கிலோமீட்டருக்கு வந்து நின்றது.

எந்தக் கப்பலும் அப்படித் தாவாது. 

விஷயம் இதுதான். எங்கேயோ வெகு தூரத்தில், எண்பத்திரண்டு கிலோமீட்டரில், கடலுக்கு நடுவே ஒரு தீவு. அதில் ஒரு பாறைக் குன்று. சாதாரண நாளில் அது எங்களுக்குத் தெரியாது. காற்றே இல்லாத புழுக்கமான காலையில், கடல்மேல் படிந்திருக்கும் காற்றடுக்கு ரேடார் அலையை வளைத்து வளைத்து அதுவரை கொண்டுபோய்விடும். குன்று பதில் சொல்லும். ஆனால் எழுபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவர்கள் பதில் சொல்ல நான்தான் நேரம் கொடுக்கவில்லையே. முதல் கேள்விக்குக் குன்று அனுப்பிய பதில் வந்து சேர்வதற்குள் நான் இரண்டாவது கேள்வியைக் கேட்டுவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு அந்தப் பதில் உடனே வந்ததாக என் ரிசீவர் நினைத்துக்கொண்டது. எண்பத்திரண்டில் எழுபத்தைந்து போக, மீதி ஏழு. தூரம் சுருங்கியபோது குன்றின் அகலமும் சுருங்கிக் கப்பல் அளவுக்கு ஆகிவிட்டது. கேள்விகளுக்கு நடுவே இடைவெளியைக் கொஞ்சம் நீட்டியதும் மீதி மூன்றானது.

கல்லூரியில் இரண்டாம் வருஷப் பாடம் இது. இதை நானே இரண்டு முறை வகுப்பெடுத்திருக்கிறேன்.

கமா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. அக்கா காப்பி வாங்கக் கீழே போயிருந்தார். கேப்டன் ஜன்னல் பக்கம் போனில் இருந்தார்.

“பழையபடி ஆயிரத்துல வை” என்று முணுமுணுத்தேன். வைத்தாள். புள்ளி போய்விட்டது.

“சொல்லிடலாம் சார்.”

“சொல்லலாம். நேரம் பாத்துச் சொல்லலாம்.”

கேப்டன் திரும்பினார். “என்னாச்சு, காணோம்?”

“போயிடுச்சு சார்” என்றேன்.

ஒரே ஒரு சொல். அதில்கூடப் பொய் இல்லை என்று அன்று சாயங்காலம் முழுவதும் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன்.

கால்வாய் திறந்தது. வாஷ்பேசின்கள் கரை சேர்ந்தன. நான் அலுவலகத்துக்குத் திரும்பினேன். ஒரு வாரத்தில் எங்கள் மேலாளர் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. அடையாளம் மறைத்து வந்த ஒரு கப்பலை மூன்று நாள் தொடர்ந்து காட்டிக்கொடுத்த ரிசீவரையும், அதை வடிவமைத்த பொறியாளரையும் கேப்டன் பாராட்டியிருந்தார். மேலாளர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். ஆணி அடிக்கிற சத்தத்தை என் அறையிலிருந்து கேட்டேன். கமா அந்த வாரம் முழுவதும் என்னோடு கணினி வழியாகத்தான் பேசினாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அக்கா என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார். வரவேற்பறையில் அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார், மடியில் அந்த நீள நோட்டு.

“மாஸ்டருக்கு மெமோ குடுத்திருக்காங்க சார்” என்றார். “கண்ணு முன்னாடி கப்பல் நின்னும் பாக்கலைன்னு. ஒண்ணு கண்ணு சரியில்ல, இல்லாட்டி காசு வாங்கிட்டுப் பாக்கலைன்னு சொல்றான்னு ஒரு சந்தேகம். படகை வேற ஆள்கிட்ட குடுத்தாச்சு. அவரு கரையில கயிறு சுத்திட்டிருக்காரு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மூன்று நாளும் காற்று இல்லை, மூன்று நாளும் புழுக்கம், முதல் இரண்டு நாள் காற்று எழும்பியதும் புள்ளி மறைவு. மூன்றாம் நாள், காலை ஒன்பது நாற்பது: ‘புள்ளி தானாகப் போகவில்லை. வேகம் ஆயிரத்துக்குக் குறைக்கப்பட்டதும் போனது.’ கணினியில் பதிவாகியிருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

“அது என்னன்னு எனக்குத் தெரியாது சார். நான் இன்ஜினியர் இல்ல. ஆனா உங்களுக்குத் தெரியும்னு நினைக்கிறேன். இல்லாட்டி ஏன் குறைச்சீங்க?”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தித் தப்பித்திருப்பேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மருந்துக்கடை வைத்திருக்கிறவள். சீட்டில் என்ன கிறுக்கியிருந்தாலும் படித்துவிடுவாள். காற்றடுக்கு, துடிப்பு, இடைவெளி என்று அரைமணி நேரம் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, “இவ்வளவையும் எனக்கு ஏன் சொல்றீங்க? நானா மெமோ குடுத்தேன்?” என்றாள்.

பிறகு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள், “எங்கக்கா வீட்டுக்காரருக்கு நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?” என்று கேட்டாள். வேலை போவதைவிட அதற்குத்தான் எனக்குப் பயம்.

மறுநாள் கேப்டனின் அறைக்குப் போனேன். அக்காவையும் கூப்பிடச் சொன்னேன், கமாவையும் அழைத்துப்போனேன். வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த முன்னுரை வாயில் வரவில்லை.

“சார், அந்தக் கப்பல் இல்ல.”

“தெரியும், போயிடுச்சு.”

“போகல சார். எப்பவுமே இல்ல. அது ஒரு மலை.”

கேப்டன் என்னையே பார்த்தார். நான் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. கமா படம் போட்டுக் காட்டினாள். அவள் வரைந்த உருண்டை நான் வரைந்ததைவிட நன்றாக இருந்தது.

“அப்ப முழுகுன ஆளு?”

“மலையத் தேடித்தான் முழுகினாரு சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பயந்துதான் போயிருந்தார். “என் கையெழுத்தோட ரிப்போர்ட் மேல போயிருக்கு. மூணு துறைமுகத்துக்கு நகல் அனுப்பியிருக்கேன்” என்றார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “ஒண்ணு செய்யலாம். மாஸ்டருக்குக் குடுத்த மெமோவ நானே வாபஸ் வாங்கிடறேன். படகும் அவருக்கே. மத்தபடி இத இப்படியே விட்டுடலாமே. உங்களுக்கும் நல்லது.”

என் வாழ்நாளில் இவ்வளவு இனிமையான யோசனையை யாரும் சொன்னதில்லை. சரி சார் என்பதற்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“வாபஸுக்குக் காரணம்னு என்ன எழுதுவீங்க சார்?” என்று அக்கா கேட்டார்.

கேப்டன் பேனாவைக் கீழே வைத்தார். மேசைமேல் வெள்ளைத்தாள் இருந்தது. எடுத்து நானே எழுதினேன். துடிப்பின் வேகத்தை யாரையும் கேட்காமல் மாற்றியவன் நான், எச்சரித்ததைக் காதில் வாங்காதவன் நான், காரணம் தெரிந்த பிறகும் பத்து நாள் மறைத்தவன் நான், மாஸ்டர் முதல் நாளிலிருந்து சொன்னதெல்லாம் உண்மை. எட்டு வரி வந்தது. கமா வாங்கிப் படித்துவிட்டு, ஒரு கமாவை மட்டும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு நடந்ததை எண்ணிப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சலுகைதான். வேலை போகவில்லை. திட்டத்தின் பொறுப்பு கமாவுக்குப் போனது. துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் மாறி மாறி அனுப்பும்படி அவள் மென்பொருளைத் திருத்தினாள். இனி எந்த மலை வந்தாலும் ஒரே இடத்தில் நிற்க முடியாமல் தாவித் தாவித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். துறைமுகம் பெட்டியை வைத்துக்கொண்டது. என்னைப் பயனர் கையேடு எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அக்காவுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கவேண்டும் என்று கேப்டன் நிபந்தனை போட்டிருந்தார். முதல் அத்தியாயம் நாலு முறை திரும்பி வந்தது. சகலையிடம் நானே சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, “அரைவேக்காடுன்னது கோவத்துல சொன்னது தம்பி” என்றார். திட்டியிருக்கலாம்.

மாஸ்டரைப் பார்க்க நேரில் போனேன். படகுத்துறையில் எண்ணெய்க் கையோடு நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தார், முடியும்வரை துடைத்தார்.

“நீங்க கடலுக்குப் போயிருக்கீங்களா சார்?”

“இல்ல.”

“கடல் ரேடார் செய்யறீங்க.”

“ஆமா.”

“ஏறுங்க.”

ஏறினேன். இரண்டாவது கிலோமீட்டரிலேயே எனக்கு வயிறு புரட்டியது. ஐந்தாவதில் ஒரு வாளியைக் காலால் என் பக்கம் தள்ளினார். ஏழாவதில் இன்ஜினை அணைத்தார். நாலு பக்கமும் தண்ணீர், படகு சும்மா ஆடிக்கொண்டிருந்தது. நான் வாளியிலிருந்து தலையைத் தூக்கும்வரை காத்திருந்தார்.

“எந்தத் திசை அந்த மலை?”

கையைக் காட்டினேன். வெறும் வானம்.

“தீவா? உச்சியில ரெண்டா பிளந்த மாதிரி இருக்குமே, அதா?”

“படத்துல அப்படித்தான் இருக்கு.”

மாஸ்டர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “எம் பொண்ணக் குடுத்த ஊரு சார் அது” என்றார். “போய்ப் பாத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. கர்ப்பமா இருக்கா.”

வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளையாக அப்போது எனக்கு மறுபடி குமட்டியது. அவர் ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் சிக்னல் இல்லை. படகைக் கரைப் பக்கம் திருப்பினார்.